பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவே: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தேர்வுக் காலம்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் ஒரு மையத்தில் எனக்கு அறைக் கண்காணிப்பாளர் பணி. ஜன்னலுக்கு வெளியே உடைமரங்கள், அதற்கு அப்பால் கடல். பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்தாயிற்று. பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் முகப்புத் தாளில் விவரம் சரிபார்க்க. பத்தே காலுக்கு மணி அடித்த பிறகுதான் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாம் வரிசையில் ஒரு பையன் வினாத்தாளைப் படிக்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் வலது கை ஆள்காட்டி விரலால் பெஞ்சின் மேல் ஒரு ‘உ’ போட்டான். அப்புறம் பேனாவை எடுத்து ஓட்டமாக நாலு வரி எழுதிவிட்டு, நிமிர்ந்து மூச்சு விட்டு, அதன் பிறகுதான் வினாத்தாளைப் புரட்டினான். தேர்வு முடிந்து வெளியே வந்தபோது கேட்டேன். “வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் சார். அதுக்குள்ள நாலு வரியாவது எழுதிடணும்னு அம்மா சொன்னாங்க.” ‘உ’வை ஏன் பெஞ்சில் போட்டாய் என்றேன். “தாள்ல போட்டா செல்லாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே!”

அவனுக்கு இரண்டு இருக்கை பின்னால் ஒரு பெண் பிள்ளை. முகம் வாடியிருந்தது. தண்ணீர் வேண்டுமாம்மா என்று கேட்டதற்கு “நோன்பு சார்” என்று தலையசைத்தாள். அன்று ரமலானின் கடைசி வெள்ளி. தேர்வு முடிவது ஒன்றே காலுக்கு, ஜும்ஆத் தொழுகையும் அதை ஒட்டித்தான். அறையில் இருந்த இரண்டு பையன்கள் ஒன்றே காலுக்கு மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு ஓடிய ஓட்டத்தை நான் விளையாட்டுப் போட்டியில்கூடப் பார்த்ததில்லை.

இந்த ஒரு தேர்வுக் காலத்தை, அதாவது 2025 பிப்ரவரி கடைசியிலிருந்து அந்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வு வரை, எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தேவைப்படும் இடத்தில் பின்னோக்கிப் போவேன். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியன். மேல்நிலைப் பள்ளி என்பதால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளும் கண்முன்னேயே இருப்பார்கள். பள்ளியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இதில் வராது.

தேர்வுச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் நம்பிக்கை என்றதும் ராகு காலத்தையும் ஜோசியரையும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையனின் ‘உ’ யாருடைய சீர்திருத்தத்தையும் தடுக்கவில்லை. தாளில் அடையாளக் குறி கூடாது என்று விதி வந்தது, அவன் குறியைப் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டான். முன்பெல்லாம் விடைத்தாளின் தலையில் ‘உ’, 786, சிலுவை என்று மூன்றும் இருக்கும். இன்று முகப்புத் தாளைக் கிழித்தெடுத்து, யாருடைய தாள் என்றே தெரியாமல்தான் திருத்துகிறார்கள். எதிர்த்து ஒரு குரல்கூட எழவில்லை. காரணம், இந்தக் கரையில் அதைவிடப் பெரிய ஒரு நம்பிக்கை இருக்கிறது: பொதுத்தேர்வுத் தாளை வேறு ஊரில், நம்மைத் தெரியாத யாரோ திருத்துகிறார்கள். அவருக்கு நம் சாதி தெரியாது, நம் அப்பா விசைப்படகு முதலாளியா அவரிடம் கூலிக்குப் போகிறவரா என்பது தெரியாது. ஆக, அந்த மார்க் மட்டும் உண்மை.

இந்த நம்பிக்கையோடு ஒத்துப்போன மாற்றங்கள் இங்கே சத்தமில்லாமல் நிலைத்தன. இதை அசைத்துப் பார்த்தவை எல்லாம் காகிதத்தோடு நின்றன. நான் பார்த்தவரை கணக்கு இவ்வளவுதான்.

அந்த இருபத்தைந்து மார்க்

சமச்சீர்க் கல்வி வந்த பிறகு பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று ஆனது. மனப்பாடத்தைக் குறைத்து, கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அமிலத்தையும் காரத்தையும் லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்க்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். பாறையில் கை கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவார்கள். அந்தத் துணியை அவிழ்க்காமலே வந்திருந்தார், ஈரம் காயவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “சார், பரீட்சைல மொத்தம் நூறுல எழுபத்தஞ்சுதான் வெளியூர்ல திருத்துறாங்களாம்ல. மீதி இருபத்தஞ்சு யார் கையில இருக்கு?”

பள்ளியில்தான், செய்முறை பார்த்துப் போடுவோம் என்று சொன்னேன்.

“அப்ப அதுக்கு யாரப் பாக்கணும்?”

நான் யாரையும் பார்க்க வேண்டாம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். போகும்போது ஒரு பையை மேசை ஓரத்தில் வைத்தார், நண்டு. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பின்னாலேயே ஓடினேன். அவர் மேல் தப்பு இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதில் தொடங்கி, உள்ளூரில் ஓர் ஆள் கையில் இருக்கும் எதுவும் ‘பார்த்தால்தான்’ நடக்கும் என்பது அவர் வாழ்நாளில் கற்ற பாடம். இருபத்தைந்தைப் பள்ளிக்குக் கொடுத்தது சீர்திருத்தம் செய்தவர்களுக்கு ஆசிரியர் மேல் வைத்த நம்பிக்கை. அவருக்கோ அது ரேஷன் கார்டைப் போல இன்னொன்று.

அடுத்ததைச் சொல்ல எனக்கே கூச்சம். அந்த ஆண்டு என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாருக்கும் இருபத்தைந்து போட்டேன். ஒருவனுக்குக் குறைத்தால் ஏன் குறைத்தாய் என்ற கேள்விக்கு ஊரில் பத்து விதமான பதில் கிளம்பும். சாதி வரும், ஜமாத் வரும், தேவாலயப் பங்கு வரும். 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் (வளர்ச்சியில் பின்தங்கிய) மாவட்டங்கள் பட்டியலில் விருதுநகரோடு ராமநாதபுரமும் சேர்ந்த பிறகு தேர்ச்சி விழுக்காட்டின் மேல் எல்லாருடைய கண்ணும் இருந்தது. முழு மார்க் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. எல்லாருக்கும் இருபத்தைந்து என்றால் அந்த இருபத்தைந்துக்கு அர்த்தமே இல்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆய்வகத்தில் பிப்பெட்டைத் தொடாமலே வெளியே போகிறவனை என்னால் திட்டக்கூட முடியவில்லை.

தொடர் மதிப்பீடு வந்தபோதும் இதே கதைதான். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரைக்கும், மறு ஆண்டு ஒன்பதுக்கும் முப்பருவ முறை வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது வகுப்பிலேயே செய்யும் செயல்பாடுகளுக்கு, 40; தொகுத்தறிக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு, 60. செயல்திட்டம் செய்து வரச் சொன்னால் ஸ்டேஷனரி கடைகளில் ஒட்டித் தயாராக வைத்திருந்த சார்ட் விற்றுத் தீர்ந்தது.

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு எல்லாரும் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகளை இன்றைக்கும் ‘கொரோனா பாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பையன், நன்றாகப் படிக்கிறவன், கடைசிவரை அதற்காக வருத்தப்பட்டான். பாஸானது வருத்தமில்லை, யாரும் திருத்தாத பாஸ் என்பதுதான் வருத்தம். வருகைப் பதிவின் இருபது விழுக்காட்டில் அடிவாங்கியவர்கள், படகு வரும் நாளில் அப்பாவுக்கு மீன் பிரித்துக் கொடுக்க நின்றுவிடும் பிள்ளைகள். பரீட்சை நடந்திருந்தால் மார்ச்சில் மட்டும் முட்டிமோதிப் படித்து அதை ஈடுகட்டியிருப்பார்கள்.

ரேங்க் எங்கே போனது

2017 மே மாதம், பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில், இனி மாநில ரேங்க் பட்டியல் கிடையாது என்று அரசு அறிவித்தது. முதல் மூன்று இடத்துக்காகப் பிள்ளைகளைப் பிழிவது நிற்கட்டும் என்றார்கள். அதுவரை முடிவு வந்த காலையில் தொலைக்காட்சியில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கு லட்டு ஊட்டும் காட்சி வரும். அது போயிற்று. ரொம்ப நல்லது.

எங்கள் ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் போர்டு போகவில்லை. மாநில ரேங்க் இருந்த இடத்தில் மதிப்பெண் வந்தது. அடுத்த ஆண்டு பள்ளி முதல்வன், அதற்கடுத்து தெரு முதல்வன். மீனவர் சங்கம், ஜமாத், சமூகச் சங்கம், பங்குப் பேரவை என்று ஒவ்வொன்றும் ஆகஸ்ட் பதினைந்தையொட்டிப் பரிசு கொடுக்கும். முதல், இரண்டு, மூன்று இல்லாமல் எப்படிப் பரிசு கொடுப்பது? ஆக, ரேங்க் மாநிலத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது. முன்பு சென்னையிலோ நாமக்கல்லிலோ யாரோ முதலிடம் வாங்குவார்கள், இங்கே யாருக்கும் உறைக்காது. இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளை.

இதை வெறும் பெருமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மேடைகளில்தான் மீன் ஏலம் எடுக்கிறவரின் மகளும் கூடை சுமக்கிறவரின் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கலாமின் படம் இல்லாத மேடை இங்கே கிடையாது. ராமேசுவரத்தில் பிறந்து, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். பிள்ளைகளிடம் ‘படித்தால் போதும், கலாம் ஆகலாம்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். அவர் விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு தடவை காலைக் கூட்டத்தில் நான் சொன்னேன். “பரீட்சை நேரத்துல அபசகுனமா ஏன் சார்?” என்று சக ஆசிரியர் கேட்டார்.

பிளஸ் ஒன்னும் ஆனி மாதமும்

பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் ஊறியிருந்தது. வளைகுடாப் பணத்தில் இங்கிருந்தும் பிள்ளைகளை நாமக்கல் பக்கத்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். நீட் வந்ததும் பிளஸ் ஒன் பாடம் தெரியாமல் விழித்தார்கள். அதனால் 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. ஒரு பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது, 1200 என்பது 600 ஆனது. வினாத்தாள் எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் புளூபிரிண்ட்டும் போனது.

பிளஸ் ஒன்னில் ஏதாவது பாடம் போனாலும் பிளஸ் டூ போகலாம், துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம் என்று விதி தெளிவாகவே இருந்தது. ஆனால் ஊரில் ‘பெயில்’ என்ற சொல்லுக்கு விதியெல்லாம் கிடையாது. பத்தாவதில் பெயிலானவன் கடலுக்குப் போவான், பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். இரண்டு தலைமுறையாக அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். எட்டு வரை பெயில் கிடையாது என்று பழகிய வீட்டில், பிளஸ் ஒன்னில் ஒரு பாடம் போனதும் முழுசாகப் போனதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பள்ளியில் கணக்குப்பதிவியல் போன ஒரு பையன் வரவேயில்லை. நானும் அவன் வகுப்பாசிரியரும் கரைக்குப் போனோம். தடைக்காலம், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவன் அப்பா படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பேச்சை எடுத்ததும், “அஷ்டமத்துச் சனி சார் அவனுக்கு. ஜோசியர் ஒன்னும் தொட வேண்டாம்னுட்டார்” என்றார். வகுப்பாசிரியர் சட்டென்று, “எப்ப வரைக்கும்னு சொன்னார்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “ஆனி பொறந்தா கொஞ்சம் லேசாகும்னாரு.”

துணைத்தேர்வு ஆனியில்தான் வருகிறது என்றார் வகுப்பாசிரியர். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பையன் எழுதினான், பாஸ் பண்ணினான், பிளஸ் டூவும் முடித்தான். தலையெழுத்தை நம்புகிறவரிடம் தலையெழுத்தை மறுத்துப் பேசியிருந்தால் அன்றைக்குப் படகடியிலேயே பேச்சு முடிந்திருக்கும்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. இங்கே சனியைவிடக் கெடுதல் செய்தது நாட்காட்டி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு மாதம் பையன்களுக்குக் கடலில் வேலையில்லை, படிக்க உட்கார வைக்கலாம். ஜூன் 15 படகு இறங்கும். முதல் மீன்பாடுதான் நல்ல பாடு, கையில் பணம் புரளும். துணைத்தேர்வு பெரும்பாலும் அதற்கப்புறம்தான் நடக்கிறது. முதல் பங்குப் பணம் வாங்கிய பையனைத் திரும்பத் தேர்வறைக்குக் கொண்டுவர என்னால் ஒரு தடவைகூட முடிந்ததில்லை. துணைத்தேர்வை ஜூன் முதல் வாரத்தில் முடித்துவிட்டால் இந்தக் கரையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். மாநிலம் முழுக்க ஒரே அட்டவணை என்பார்கள். அதுவும் நியாயம்தான், பொதுத்தேர்வின் மேல் இருக்கும் மரியாதையே அந்த ஒரே அட்டவணையால்தானே.

2025இன் அட்டவணை

பிப்ரவரி 26 மகா சிவராத்திரி. இந்தப் பக்கம் அது மாசிக் களரி. எங்கே பிழைக்கப் போனவர்களும் குலசாமி கோயிலுக்கு வந்தாக வேண்டும். பிளஸ் டூ தேர்வு மார்ச் 3. சில வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனமில்லை, கூட்டிப் போனால் படிப்புப் போகும். கடைசியில் புத்தகத்தையும் சேர்த்தே களரிக்குக் கொண்டுபோனார்கள். ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து வாங்கி, திரும்பும் வேனில் டார்ச் அடித்துப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மார்ச் 2 நோன்பு தொடங்கியது. பிளஸ் டூ, பிளஸ் ஒன் தேர்வு முழுவதும் ரமலானுக்குள். மாலை ஆறு மணி வரை வைக்கும் சிறப்பு வகுப்பை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே விட வேண்டும், இரவு தராவீஹ் தொழுகை. நாங்கள் வகுப்பைக் காலைக்கு மாற்றினோம். விடியலுக்கு முந்தைய சஹர் உணவை முடித்துத் தொழுதுவிட்டு ஆறரைக்கெல்லாம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். களைப்பு மதியம்தான் தெரியும். நோன்பு வைக்காத பிள்ளைகள்தான் அந்த நேரத்தில் தூங்கி வழிந்தார்கள். மார்ச் 14, 15 கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. அதுவும் பிளஸ் டூ தேர்வுகளுக்கு நடுவே. ஏப்ரல் 6 புதிய பாம்பன் பாலத் திறப்பு. மறுநாள் காலை பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு, தீவுக்குள் இருந்த பெற்றோர் பட்ட பதற்றம் தனிக்கதை. ஏப்ரல் 11 வெள்ளி, பங்குனி உத்திரம், அறிவியல் தாள். ஏப்ரல் 15 சமூக அறிவியலோடு தேர்வு முடிந்தது, அன்றே தடைக்காலம் தொடங்கியது.

இத்தனை மோதலிலும், எனக்குத் தெரிந்து யாரும் தேர்வுத் தேதியை மாற்றச் சொல்லி வரவில்லை. சாமியும் நோன்பும் திருவிழாவும் வளைந்துகொடுத்தன. பொதுத்தேர்வு வளையவில்லை, அது வளைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான குழுவின் அறிக்கையிலிருந்து உருவானது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு அந்தக் கல்வியாண்டிலிருந்தே கிடையாது என்றானது. மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்தது, பிளஸ் ஒன்னில் விழுந்து கரையேறாமல் போன பையன்களை நினைத்தால் எனக்கு அது சரியென்றே பட்டது. பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல் வரும் என்று நினைத்தேன். ஒரு தாத்தா எழுந்தார்: “அப்ப பதினொண்ணாப்புக்குப் பரீட்சையே இல்லியா?” இருக்கிறது, நாங்களே வைப்போம் என்றார் தலைமையாசிரியர். “நீங்களே வச்சு நீங்களே திருத்துறதா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாசி எடுக்கும் அந்த அம்மா கேட்ட கேள்விதான், ஆள்தான் வேறு.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. பிளஸ் ஒன் தாள் கட்டைப் பிரித்து அடுக்கிக் கொடுக்கச் சொல்லி வேதியியல் ஆசிரியர் என்னிடம் தந்தார். முதல் தாளின் தலையில் பெரிதாக, அழகாக ஒரு ‘உ’. அதற்கடுத்ததில் 786. இரண்டு தாள் தள்ளி ஒரு சிறு சிலுவை. இனி இதை அடையாளக் குறி என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. புரட்டிப் பார்த்தேன். ஆறாம் பக்கத்துக்கு மேல் பல தாள்களில் எழுத்தே இல்லை. ஒருவன் கடைசியில் ‘சார், இது சும்மா பரீட்சைதானே’ என்று பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருந்தான்; அழித்த தடம் தெரிந்தது.